வெந்நீர்த் தொட்டி வாங்கலாமா?

வகுப்பில் நாம் படிக்கும் வெப்பவியல் வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அக்கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதைத்தான் ஈண்டு எழுத முற்படுகிறேன்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவர். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோன பின் எஞ்சும் உப்பை வாரிக் கரையேற்றுவது அவ்வேலை. கடல்நீர் ஏறத்தாழ 3 போமே அடர்த்தி உடையது. அது 25 போமேயை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அந்த நீரில் நின்று நின்று அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. போதாக்குறைக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. பாதங்களில் உணர்ச்சி குறைவு.

கப்பலில் பணிபுரியும் என் அண்ணன் ஒரு துறைமுக நகரில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கிப் பார்த்திருக்கிறார். நால்வர் அமரலாம், சுற்றிலும் குழாய் வாய்களிலிருந்து நீர் பீறிட்டு உடம்பைப் பிடித்துவிடும். "அப்பாவுக்கு ஒன்று வாங்கி மாடியில் வைத்துவிடலாம். இரண்டரை லட்சம் ஆகும். இந்தப் பயணத்துச் சம்பளத்தில் முடித்துவிடுகிறேன். நீ படித்தவன், பார்த்துச் சொல்லு" என்று தொலைபேசியில் சொன்னார்.

தனக்கென்று ஒரு சட்டைகூடக் கேட்டறியாத அப்பா, இதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. "முங்கி உக்காரலாம்லா" என்றார். வாளித் தண்ணீரில் குளித்தே வயதானவர் அவர். ஆகவே 'வேண்டாம்' என்று சொல்வதாக இருந்தால், அதற்கு என்னிடம் தக்க காரணம் இருந்தாக வேண்டும்.

முதலில் இத்தொட்டியின் பிறப்பைப் பார்த்தேன். வெந்நீரில் மூழ்கும் வழக்கம் மிகப் பழையது. கடலுக்கு அப்பால் திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பதை நம்மவர் அறிவர். ஆனால் நீரைப் பீய்ச்சும் இன்றைய தொட்டி, இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜக்குஸி குடும்பத்தாரின் ஆக்கம். அவர்கள் நீரேற்றும் பம்பு செய்தவர்கள். அக்குடும்பத்துக் காண்டிடோ ஜக்குஸியின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம். அவனுக்கு வீட்டிலேயே நீர்ச் சிகிச்சை கிடைக்கட்டும் என்று, குளியல் தொட்டிக்குள் வைக்கும் ஒரு பம்பை 1956-இல் அவர்கள் உருவாக்கினார்கள். பம்பும் தொட்டியும் ஒன்றான வடிவம் ராய் ஜக்குஸியால் 1968-இல் வந்தது. ஆக, அது ஆடம்பரப் பொருளாகப் பிறந்ததன்று. ஒரு பிள்ளையின் மூட்டு வலிக்காகப் பிறந்தது. இதைப் படித்ததும் அண்ணன் பக்கமே மனம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். தொட்டியின் கொள்ளளவு 1000 லிட்டர் என்று கொள்வோம். எங்கள் தொட்டி நீரின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ். அதனை 40 பாகைக்கு ஏற்ற 12,000 கிலோ கலோரி தேவை. ஓர் அலகு மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். எனவே ஏறத்தாழ 14 அலகு. நீர் 10 பாகையில் கிடக்கும் குளிர்நாட்டில் இதே வேலைக்கு 35 அலகு ஆகும். இவ்விடத்தில் நம் ஊர் வெயில் நமக்குப் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்துத் தருகிறது. 3 கிலோவாட் சூடேற்றி என்றால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும்.

ஏற்றிய சூடு நிற்குமா என்பதே அடுத்த கேள்வி. மாலை வேளையில் மாடியில் இரண்டு வாளிகளை வைத்தேன். ஒவ்வொன்றிலும் 40 பாகையில் 20 லிட்டர் நீர். ஒன்றைத் தட்டால் மூடினேன், மற்றொன்றைத் திறந்துவிட்டேன். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மூடிய வாளியில் 38½ பாகை. திறந்த வாளியில் 36. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து கொண்டுட்டுப் போவுது. அளத்துலயும் இதான்" என்றார். நான் மூன்றாண்டு படித்த உள்ளுறை வெப்பத்தை அவர் முப்பதாண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறார்!

40 பாகையில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 575 கிலோ கலோரி வேண்டும். அந்த வெப்பத்தை அது எஞ்சிய நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1000 லிட்டர் தொட்டியில் வெறும் 20 லிட்டர், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு ஆவியாகிப் போனால், பாடுபட்டு ஏற்றிய 12 பாகையும் ஏறக்குறைய அதனோடு போய்விடும். எந்தக் காற்றால் நம் ஊர் உப்பு விளைகிறதோ அதே காற்று வெந்நீர்த் தொட்டிக்குப் பகை. கனத்த மூடி இன்றி இங்கே தொட்டி வைப்பது, உப்பளத்துப் பாத்திக்கு மின்சாரம் கொடுப்பதற்கு ஒப்பாகும். வீட்டு மின் கட்டணமோ படிமுறையில் அமைந்தது. அலகு ஏற ஏற விகிதமும் ஏறும்.

மாடி தாங்குமா? 1000 லிட்டர் நீர் ஒரு டன். அதன் தரைப்பரப்பு 3 சதுர மீட்டர் என்றால், ஆளும் தொட்டியும் சேராமலே சதுர மீட்டருக்கு 330 கிலோவுக்கு மேல் சுமை. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் நேரடிச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. இது ஒன்றே மாடி யோசனையை முடித்துவிட்டது. கீழே முற்றத்தில் வைக்கலாம் என்றால், எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் மிக்கது. சூடேற்றிக் கம்பியில் சுண்ணாம்பு படியும். குழாயில் வரும் தாமிரபரணி நீர் எங்கள் தெருவுக்கு நாள்தோறும் வருவதில்லை. வருகிற நாளில் அம்மா குடத்தோடு நிற்கும்போது ஆயிரம் லிட்டரை நான் எந்த முகத்தோடு கேட்பது?

நீரை மாற்றாமல் பல நாள் வைத்திருக்கலாமே என்பீர்கள். தொட்டிகள் அப்படித்தான் பயன்படுகின்றன. ஆனால் வடிகட்டியும் குளோரினும் நாள் தவறாமல் கவனிக்கப்பட வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய ஒரு நுரையீரல் நோயின் காரணி மறு ஆண்டில் கண்டறியப்பட்டது. லெஜியோனெல்லா என்னும் அந்தப் பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் பெருகும். நீர்த்திவலைகளை மூச்சில் இழுப்பவரைத் தாக்கும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு வைத்த ஒரு வெந்நீர்ச் சுழல் தொட்டியிலிருந்து அது பரவி, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் அத்தொட்டியில் குளித்தவர்கள் அல்லர்; அந்தப் பக்கமாக நடந்து போனவர்கள்! எங்கள் வீட்டில் நாள்தோறும் குளோரின் அளந்து பார்ப்பவர் யார்? நான் விடுமுறை முடிந்தால் விடுதிக்குப் போய்விடுவேன்.

கடைசியாக, முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "40 பாகைக்கு மேல் கூடாது. பதினைந்து நிமிடம் போதும். உணர்ச்சி குறைந்த கால்; இவர் 'சூடில்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காலில் புண் இருக்கும் நாளில் வேண்டாம்" என்றார். முழங்காலுக்குத்தானே வலி, முழங்காலை மட்டும் நனைத்தால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும் என்றார்.

அன்று மாலை மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. மீனை ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி! இரட்டைச் சுவரும், இடையே நுரைத் திணிப்பும், இறுக்கமான மூடியும் உடையது. வெளிச்சூட்டை உள்ளே விடாத சுவர், உட்சூட்டை வெளியேயும் விடாது. விலை உயர்ந்த வெந்நீர்த் தொட்டியின் சுவருக்குள் இருப்பதும் இத்தகைய நுரைதான். முழங்கால் மூழ்கும் உயரத்தில் புதிய பெட்டி ஒன்றைச் சில ஆயிரத்துக்கு வாங்கி வந்தேன். (பழைய பெட்டி இதைவிட மலிவு, அதன் வாடையை அம்மா வீட்டுக்குள் விடமாட்டார்.)

அதற்கு 60 லிட்டர் போதும். 28 பாகை நீர் 50 லிட்டருடன் கொதிநீர் 10 லிட்டரைக் கலந்தால் சரியாக 40 பாகை வரும், போட்டுப் பாருங்கள். பெட்டியும் சிறிது சூட்டை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் 39 நிற்கும். கலந்து, அளந்து பார்த்த பிறகே காலை உள்ளே வைக்க வேண்டும். அப்பா உயரமான முக்காலியில் அமர்ந்து காலை உள்ளே விட்டுக்கொள்வார். மேலே ஒரு போர்வை. செலவு ஓர் அலகுக்கும் குறைவு. முடிந்ததும் நீரை ஊற்றிவிடுவதால் கிருமிப் பேச்சுக்கும் இடமில்லை. பீறிடும் நீர் இதில் இல்லைதான். ஆனால் வலி குறைந்து அப்பா படியேறுகிறார்.

அண்ணனுக்கு எல்லாக் கணக்கையும் எழுதி அனுப்பினேன். நாலைந்து பேர் நாள்தோறும் இறங்கும் வீடாக, தரைத்தளத்தில் காற்று மறைந்த இடமும் நல்ல நீரும் பராமரிக்க ஆளும் இருந்தால் வாங்கலாம். நமக்கு வேண்டாம் என்றேன். இரண்டு நாள் அவரிடமிருந்து பதில் இல்லை. பிறகு, "பெட்டிக் காசையாவது நான் தருகிறேன்" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியில் கால் வைத்திருக்கும்போது, "ஏலே, இதுல முங்க முடியாதுல்லா" என்றார். என் கணக்கில் அதற்கு இடமே வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவரை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். நீரோட்டம் மெதுவான துறையாகப் பார்த்து, தோளைப் பிடித்துத் தாமிரபரணியில் இறக்கினேன். நீர் சில்லென்றிருந்தது. கழுத்தளவு மூழ்கி அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். அதன் பயனாக இரண்டு நாள் முழங்கால் வலித்தது. பெட்டியில் இரண்டு வேளை வெந்நீர் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில், அடுத்த ஞாயிறு பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்.