பிரிவு குறித்த பொதுவாக்கெடுப்பு வினாக்கள்: தமிழ் வினா – விடை மரபு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாடு தான் இணைந்துள்ள ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமா என்னும் சிக்கல் பெரிதும் அரசியல், பொருளியல் நோக்கிலேயே ஆராயப்படுகிறது. ஆயினும் அச்சிக்கல் மக்கள்முன் ஒரு வினாத்தொடராகவே வைக்கப்படுகிறது. கியூபெக் (1980, 1995), சிங்கப்பூர் (1962), ஸ்காட்லாந்து (2014) ஆகிய பொதுவாக்கெடுப்புகளின் வினாக்களை நன்னூலும் மணிமேகலையும் கூறும் வினா – விடை வகைமைகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்குச்சீட்டு ஏற்கும் விடைகள் இரண்டே. மக்கள் அளிக்கும் விடைகள் அவற்றினும் பல என்பதும், அவ்வேறுபாடே வாக்கெடுப்புக்குப் பின்னரும் சிக்கல் தீராமைக்கு ஒரு காரணம் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினா, விடை, பொதுவாக்கெடுப்பு, ஸ்காட்லாந்து, கியூபெக், உறுவது கூறல், இனமொழி.

முன்னுரை

வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கப் பகுதியிலேயே வலியுறுத்துகிறார். பிற்காலத்துப் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். பௌத்த அளவை மரபைத் தமிழில் தரும் மணிமேகலை, விடை கூறும் முறைகளை நான்காகக் காட்டுகிறது. இவ்வகைமைகள் இருவர்க்கிடையே நிகழும் உரையாடலைக் கருதி எழுந்தவை. ஓர் அரசு வினவ, இலட்சக்கணக்கான மக்கள் ஒரே நாளில் விடையிறுக்கும் நிகழ்வு அவ்வாசிரியர்தம் காலத்தில் இல்லை. எனினும் வினவுவோன் நோக்கம் யாது, விடையிறுப்போன் கருத்து யாது என்னும் இரண்டுமே அம்மரபின் அடிப்படைகளாதலின், அவை இக்காலப் பொதுவாக்கெடுப்புக்கும் பொருந்துவனவாகின்றன.

வகைமைகள்

அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்பன நன்னூல் கூறும் அறுவகை வினாக்கள். இவற்றின் தொடரமைப்பு ஒன்றாக இருத்தல் கூடும். வினவுவோன் நோக்கமே வகையைத் தீர்மானிக்கிறது. வணிகனிடம் ‘பயறு உளதோ’ என வினவுவோன் அறிதலை அன்று, பெறுதலையே விரும்புகிறான்; ஆதலின் அது கொளல் வினா. விடை இன்னதென அறியாது, அறியும் பொருட்டு வினவுவதே அறியா வினா.

விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் தருதலின் விடையாக ஏற்கப்படுவன. ‘ஆடுவாயா’ என்ற வினாவுக்கு ‘ஆடுவேன்’ என்பது நேர். ‘ஆடேன்’ என்பது மறை. ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுவேன்’ என்பது இனமொழி. 

மணிமேகலை கூறும் நான்கு முறைகள் துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன. ஒரு வினாவுள் வேறுபட்ட பொருள்கள் பொதிந்திருப்பின் அவற்றைப் பிரித்து விடையிறுத்தல் கூறிட்டு மொழிதலாகும். வினாவின் அடிப்படையையே ஏற்க இயலாதவிடத்து, ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்கப்பட்டவன்போல, வாளா இருத்தல் வாய்வாளாமையாகும்.

கியூபெக்: கூறிட்டு மொழிய வேண்டிய வினா

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980 மே 20 அன்று ரெனே லெவெக் அரசு நடத்திய வாக்கெடுப்பின் வினா ஒரு பத்தியளவு நீண்டது. சட்டமியற்றல், வரிவிதித்தல், வெளியுறவு ஆகியவற்றில் முழு அதிகாரம் பெறுதல், கனடாவுடன் பொது நாணயம் உள்ளிட்ட பொருளியல் கூட்டுறவைப் பேணுதல், மாற்றம் எதுவாயினும் மற்றொரு வாக்கெடுப்பின் ஒப்புதலுடனேயே நடைமுறைப்படுத்துதல் ஆகியவற்றை முன்வைத்து, அவ்வடிப்படையில் பேச்சு நடத்த ஆணை தருகிறீர்களா என்று அது வினவியது. பிரிவை விரும்பிக் கூட்டுறவை விரும்பாதவரும், பேச்சை மட்டும் விரும்பியவரும் ஒரே சொல்லில் விடை தர வேண்டியவராயினர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர்.

1995 அக்டோபர் 30 அன்று நிகழ்ந்த இரண்டாம் வாக்கெடுப்பின் வினா சுருங்கியதேயன்றித் தெளிவு பெறவில்லை. கனடாவுக்குப் புதிய பொருளியல், அரசியல் கூட்டாண்மையை முறையாக முன்மொழிந்த பின்னர்க் கியூபெக் இறைமையுடையதாக ஆவதை ஒப்புகிறீர்களா என்று வினவிய அத்தொடர், ஒரு சட்ட முன்வரைவையும் அவ்வாண்டு சூன் 12 அன்று கையெழுத்தான உடன்பாட்டையும் உள்ளடக்கியிருந்தது. வாக்காளர்களுள் 93 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். மறுத்தோர் 50.58 விழுக்காடு; ஒப்பியோர் 49.42 விழுக்காடு, வேறுபாடு 54,288 வாக்குகள். ஒரு நாட்டின் எல்லையே மாறக்கூடிய நிலையில், கூறிட்டு மொழிய வேண்டிய வினாவுக்குத் துணிந்து சொல்லும் விடை கோரப்பட்டது.

இவ்வழுவைக் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் மறைமுகமாகச் சுட்டியது. ஒரு மாகாணம் தானாகவே பிரிந்து செல்ல உரிமையில்லை. ஆயினும் தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை விடை கிடைப்பின், ஏனையோர் பேச்சு நடத்தக் கடமைப்பட்டவர் என்பது அதன் கருத்துரை. வினாவின் தெளிவு இங்ஙனம் அரசியல் சட்டத்தின் பொருளாயிற்று. 2000ஆம் ஆண்டின் தெளிவுச் சட்டம் இதனைத் தொடர்ந்து எழுந்ததே.

சிங்கப்பூர்: வாய்வாளாமை

மலேசியக் கூட்டமைப்பில் இணைதல் குறித்து 1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் நிகழ்ந்த வாக்கெடுப்பு மற்றொரு வகையினது. வாக்குச்சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் இணைப்பின் வெவ்வேறு நிபந்தனைகளே. இணைப்பு வேண்டா என்னும் மறை விடைக்கு இடமில்லை. எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் வெற்றுச் சீட்டை இடுமாறு வேண்டியது. அரசு பரிந்துரைத்த தெரிவு ஏறத்தாழ 71 விழுக்காடு பெற்றது. சீட்டுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெற்றுச் சீட்டுகள். வினாவின் அடிப்படையை ஏற்காதோர் வாளா இருந்தமை மணிமேகலை கூறும் நான்காம் முறைக்குப் பொருந்துகிறது. 1963 செப்டம்பரில் இணைந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்டு 9 அன்று மக்களிடம் வினவப்படாமலே, அரசுகளின் உடன்படிக்கையால் பிரிந்தது.

ஸ்காட்லாந்து: வினா திருத்தம்

இங்கிலாந்துடன் 1707இல் ஒன்றிணைந்த ஸ்காட்லாந்து, 1999இல் தனக்கென நாடாளுமன்றத்தை மீண்டும் பெற்றது. 2011 தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அங்குப் பெரும்பான்மை பெற்றதன் விளைவாக, 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஸ்காட்லாந்து அரசு முதலில் முன்மொழிந்த வினா, ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புகிறீர்களா?’ என்னும் பொருளினது. தேர்தல் ஆணையம் இதனைப் பொதுமக்களிடம் ஆய்ந்து, ‘ஒப்புகிறீர்களா’ என்னும் பகுதி உடன்பாட்டு விடையின்பால் சாய்க்கிறது என 2013 சனவரியில் கருத்துரைத்தது. ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்பதே இறுதி வினாவாயிற்று. ஸ்காட்லாந்து அரசும் அதனை ஏற்றது.

நன்னூல் நோக்கில், ஒப்புதலைப் பெறும் நோக்குடைய கொளல் வினா அறியா வினாவாகத் திருத்தப்பட்டது எனலாம். நீக்கப்பட்டது ஒரு வினைச்சொல்லே; ஆனால் வினவுவோன் நிலை மாறிவிட்டது. கியூபெக் வினாக்களுடன் ஒப்பிடுகையில் இதன் செம்மை புலப்படும்.

ஸ்காட்லாந்து: விடையின் அடுக்குகள்

2014 செப்டம்பர் 18 அன்று 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். பதினாறு, பதினேழு வயதினருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டிருந்தது. மறுத்தோர் 55.3 விழுக்காடு, ஒப்பியோர் 44.7 விழுக்காடு. சீட்டு காட்டுவது நேர், மறை என்னும் இரண்டையே. பரப்புரைக் களத்திலோ ஏனைய விடைகளும் ஒலித்தன.

ஒப்பியோர் தரப்பில் உற்றது உரைத்தல் மேலோங்கியது. ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளுள் ஒன்றில் மட்டுமே 2010இல் வென்ற பழைமைவாதக் கட்சியின் தலைமையில் ஒன்றிய அரசு அமைந்ததையும், தம் விருப்பத்திற்கு மாறாக அணு ஆயுத நீர்மூழ்கிகள் பாஸ்லேனில் நிலைகொண்டதையும் அவர்கள் காட்டினர்.

மறுத்தோர் தரப்பில் உறுவது கூறல் மேலோங்கியது. பவுண்டு நாணயக் கூட்டுக்கு இசையோம் என ஒன்றிய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் 2014 பிப்ரவரியில் அறிவித்தார். ஓய்வூதியமும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமையும் ஐயத்திற்குள்ளாகும் என்ற எச்சரிக்கைகளும் எழுந்தன. எந்த நாணயம், எந்த நிபந்தனை என எதிர்வினாக்களும் தொடர்ந்தன. முட்டை முந்தியதா பனை முந்தியதா என்பார்க்கு, எந்த முட்டைக்கு எந்தப் பனை எனக் கேட்பதை ஒத்த வினாவின் விடுத்தல் இது. மறுப்பன்று, தெளிவு வேண்டல்.

அனைத்தினும் கருதத்தக்கது இனமொழி. பிரியாமலே கூடுதல் அதிகாரம் பெறுதல் என்னும் மூன்றாம் தெரிவு முன்னர் விவாதிக்கப்பட்டதாயினும், ஒரே வினா என்ற எடின்பரோ முடிவால் சீட்டில் இடம்பெறவில்லை. வாக்கெடுப்புக்கு இரு நாள் முன்னர், ஒன்றியக் கட்சித் தலைவர் மூவர் கூடுதல் அதிகாரங்களை உறுதியளித்து வெளியிட்ட கூட்டறிக்கை அத்தெரிவை மீண்டும் கொணர்ந்தது. ‘ஆடுவாயா’ என்பதற்குப் ‘பாடுவேன்’ எனக் கூறுவதற்கு ஒப்பானது இது. ஆடேன் என்பது அவ்விடையின் குறிப்புப் பொருள். பாடுதல் அதன் வெளிப்படைப் பொருள். மறை எனப் பதிவான வாக்குகளுள் ஒரு பகுதி இவ்வகையினதாயின், வாக்குறுதியை நிறைவேற்றுதலும் அவ்விடையின் ஒரு கூறாகிறது. 2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் அதன் விளைவு. அது போதுமானதா என்பதில் இரு தரப்பினரும் இன்றளவும் மாறுபடுகின்றனர்.

விடையும் காலமும்

உறுவது கூறல் எதிர்காலத்தைச் சார்ந்த விடை. கூறப்பட்ட எதிர்காலம் மாறுமாயின் விடையின் அடிப்படையும் மாறுகிறது. 2016 சூன் 23 அன்று ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தனர். பிரிந்தால் இழக்க நேரும் எனக் கூறப்பட்ட உறுப்புரிமையை ஸ்காட்லாந்து பிரியாமலே இழந்தது. ஆதலின் மீண்டும் வினவ வேண்டும் என்பது சுதந்திர ஆதரவாளர் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. சூழல் மாறுந்தோறும் வினவலாம் எனின், விரும்பிய விடை வரும்வரை வினா தொடரும். ஒருமுறை ‘ஆம்’ என்றபின் எதிர்த்திசையில் அவ்வினா எழுப்பப்படுவதில்லை. அந்நிலையில் அறியா வினா ஏவல் வினாவாகத் திரிந்துவிடும். இரு வாதங்களும் ஒரே இடைவெளியைக் காட்டுகின்றன: எப்போது, யார் மீண்டும் வினவலாம் என்பது வரையறுக்கப்படவில்லை. ஒன்றிய நாடாளுமன்றத்தின் இசைவின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற இயலாது என உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது வினவும் அதிகாரம் யாருக்கு இல்லை என்பதைக் கூறியது. அதிகாரமுடையோர் எப்போது வினவக் கடமைப்பட்டவர் என்பது எஞ்சி நிற்கிறது.

அதே இராச்சியத்தின் வட அயர்லாந்துக்கு இவ்வரையறை உண்டு. 1998ஆம் ஆண்டின் பெல்பாஸ்ட் உடன்பாட்டை ஒட்டிய சட்டப்படி, பெரும்பான்மையினர் ஒன்றியத்தை விட்டு விலகி ஒன்றுபட்ட அயர்லாந்தில் இணைய விரும்பக்கூடும் எனத் தோன்றின் ஒன்றிய அமைச்சர் வாக்கெடுப்புக்கு ஆணையிடல் வேண்டும். ஒரு வாக்கெடுப்புக்குப் பின் ஏழாண்டுகளுக்குள் மற்றொன்று கூடாது. விருப்பத்தை அளவிடும் வழியை அச்சட்டம் கூறவில்லை எனினும், ஏவல் வினாவாகத் திரிதலைக் கால எல்லையும், வினாவையே மறுத்தலைக் கடமையும் தடுக்கின்றன.

முடிவுரை

ஸ்காட்லாந்து விலக வேண்டுமா என்பதற்கு இலக்கணம் விடை தராது. அது அந்நாட்டு மக்கள் தரவேண்டியது. அவர்தம் விடை பழுதின்றி வெளிப்படுதற்குரிய நிபந்தனைகளை அது காட்டுகிறது. வினா பல பொருளைப் பொதிந்ததாகவோ, மறை விடைக்கு இடமற்றதாகவோ, ஒப்புதலை ஈர்ப்பதாகவோ இருத்தலாகாது. நேரும் மறையும் எண்ணப்பட்ட பின்னர், அவற்றுள் அடங்கிய உறுவது கூறலும் இனமொழியும் கருதப்பட வேண்டும். மீண்டும் வினவும் காலமும் உரிமையும் முதல் வினாவுக்கு முன்னரே இரு தரப்பும் ஒப்ப வரையறுக்கப்பட வேண்டும். 2014இல் ஸ்காட்லாந்தில் முதலாவது நிறைவேறிற்று, இரண்டாவது ஓரளவே நிறைவேறிற்று, மூன்றாவது மேற்கொள்ளப்படவில்லை. அங்கு வினா இன்னும் முடிவுறாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.