அடித்த சொற்களில் பிறந்த ஓவியம்: தாகூரின் குறிப்பேடு



வெள்ளவத்தையில் எனது வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கோடு ஒன்று பிழைத்தாலும் உடனே தாளைக் கிழித்துவிடுவாள். தவணை முடிவில் அவளது சித்திரக் கொப்பியில் மிஞ்சியவை மட்டையும் நாலைந்து தாள்களுமே. "எனக்குச் சித்திரம் வராது, ரீச்சர்" என்றாள். அன்று அவளுக்குச் சொன்னதையே இப்பாடமாகத் தருகிறேன்.

1. அறிமுகம்

இரவீந்திரநாத் தாகூர் (1861 – 1941) வங்காளக் கவிஞர் ஆவார். 1913 ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஓவியம் இவரது தொழிலன்று. ஓவியக் கல்லூரி எதிலும் இவர் முறையாகப் பயின்றதுமில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் ஆழ்ந்து ஈடுபட்டார். எனினும், 2000 இற்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச்சென்றார்.

2. குறிப்பேட்டுப் பழக்கம்

தாகூர் கவிதை எழுதும்போது பொருந்தாத சொற்களையும் வரிகளையும் பேனையால் அடித்துவிடுவார். அடித்த இடங்கள் தாளில் அலங்கோலமாகத் தெரியும். அவர் அத்தாளைக் கிழிக்கவில்லை. அடித்த இடங்களைக் கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்தார். அவை பறவையாகவும், விலங்காகவும், மனித முகமாகவும் உருப்பெற்றன.

1924 ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனாவில் தங்கியிருந்தபோது 'பூரவி' என்னும் நூலின் கவிதைகளை எழுதிய குறிப்பேட்டில் இத்தகைய உருவங்கள் நிறைந்திருந்தன. அவற்றைக் கண்டு வியந்தவர் எழுத்தாளர் விக்டோரியா ஒக்காம்போ. 1930 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தாகூரின் முதலாவது ஓவியக் கண்காட்சி நடைபெறத் துணைநின்றவரும் அவரே.

3. பார்த்தலும் வாசித்தலும்

தாகூர் நாடு நாடாகப் பயணம் செய்தவர். 1916 ஆம் ஆண்டு ஜப்பானில் அந்நாட்டு ஓவியங்களைக் கூர்ந்து பார்த்து, தமது எண்ணங்களைக் கடிதங்களாக வீட்டாருக்கு எழுதினார். பழங்குடி மக்களின் முகமூடிகள், மரச்சிற்பங்கள் ஆகியவற்றின் சாயலை அவரது ஓவியங்களில் ஆய்வாளர்கள் காண்கின்றனர். பார்த்ததையும் வாசித்ததையும் அவர் அப்படியே பிரதி செய்யவில்லை. தமது கோட்டுக்குள் கொண்டுவந்தார்.

4. வரையும் முறை

• வர்ண மைகளை மிகுதியாகப் பயன்படுத்தினார்.
• தூரிகையோடு பேனை, துணி, விரல் ஆகியவற்றையும் பயன்படுத்தினார்.
• பெரும்பாலான ஓவியங்களுக்குத் தலைப்பிடவில்லை. பொருளைப் பார்ப்பவரே உணரட்டும் என விட்டார்.

5. நாம் கற்க வேண்டியது

சித்திரம் "வருவதும்" "வராததும்" பிறப்பிலேயே முடிவாகும் விடயமன்று. நாளாந்தப் பழக்கமே அதனைத் தீர்மானிக்கிறது. பரீட்சை மண்டபத்தில் முதன்முறையாகச் சிந்திக்க நேரம் போதாது. எனவே இன்றே ஒரு சிறு கொப்பியை ஒதுக்குங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்போர், கோயில் வாசலில் பூ விற்பவர், வீட்டு அடுப்படி என எதையாவது வரையுங்கள். பக்கத்தில் திகதியையும் இரண்டு வரிக் குறிப்பையும் எழுதுங்கள். அழிறப்பரைத் தூர வையுங்கள்.

அந்த மாணவி பின்னர் தாள் கிழிப்பதை நிறுத்தினாள். அவளது அடுத்த கொப்பி கடைசிப் பக்கம்வரை நிரம்பியது. பிழைத்த கோடுகளும் அதில் இருந்தன. முதற் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் இடையிலான வளர்ச்சியை அவளே கண்டுகொண்டாள். கிழித்த கொப்பியில் அதனைக் காண முடியாது.

நினைவிற் கொள்க: பிழைத்த கோடு முடிவன்று, அடுத்த கோட்டுக்குத் தொடக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. தாகூரின் முதலாவது ஓவியக் கண்காட்சி எங்கு, எந்த ஆண்டு நடைபெற்றது?
2. அவரது குறிப்பேட்டில் உருவங்கள் தோன்றிய விதத்தை விளக்குக.
3. அவர் பயன்படுத்திய ஊடகங்கள், கருவிகள் மூன்றினைக் குறிப்பிடுக.
4. உமது கொப்பியில் பிழைத்த கோடு ஒன்றைத் தெரிவுசெய்து, அதனை அழிக்காமல் புதிய உருவமொன்றாக மாற்றுக.