ஆஸ்பராகஸும் அந்த 28 நாட்களும்

சூப்பர் மார்க்கெட்டில் பச்சையாக, பென்சில் மாதிரி நீளமாக, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் தண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆஸ்பராகஸ். விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவர்களும் உண்டு. அப்படி அதில் என்னதான் இருக்கு?

வேகவைத்த 100 கிராமில் 22 கலோரிதான். நார்ச்சத்து 2 கிராம். வைட்டமின் கே-யும் நிறைய. அதனால் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஆனால், இதன் உண்மையான பெருமை ஃபோலேட் சத்துதான். அதே 100 கிராமில் ஏறத்தாழ 150 மைக்ரோகிராம் கிடைக்கிறது.

ரத்த அணுக்கள் உருவாக ஃபோலேட் வேணும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. குழந்தையின் மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் வளரப்போகும் நரம்புக் குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. ‘நாள் தள்ளிப்போச்சே’ என்று பரிசோதனைக்குப் போகும்போது பலருக்கு அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். குழாய் சரியாக மூடாவிட்டால் பிறவிக் குறைபாடு வரலாம். அதனால்தான் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். காய்கறி இதற்குத் துணைதான், மாற்று அல்ல.

ஆஸ்பராகஸை நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால், தண்ணீரில் கரையும் ஃபோலேட்டும் கூடவே போய்விடும். அடிப்பகுதி நாராக இருக்கும், ஒடித்துப் போடுங்கள். மீதியை ஆவியில் வேகவையுங்கள். கடுகு தாளித்துப் பொரியலும் செய்யலாம். சாப்பிட்ட பிறகு சிறுநீரில் ஒரு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது கந்தகச் சேர்மங்களால் வருவது.

வாங்க முடியலையா? கவலையே வேண்டாம். வேகவைத்த பாசிப்பயறு, கொண்டைக்கடலையிலும் கிட்டத்தட்ட இதே அளவு ஃபோலேட் இருக்கு. கீரையும் நல்லது. ஃபோலேட் என்ற பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்!

நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் ஆஸ்பராகஸ் இனம்தான். ஆனால் அது மருந்து, இது காய். சித்த மருத்துவரைக் கேட்காமல் கிழங்கை எடுக்காதீர்கள்.

மாத்திரை பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும், முதல் குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு மாத்திரையின் அளவு வேறு.