மருத்துவ விவரம் கசிந்ததாகக் கடிதம் வந்தால்...

அமெரிக்காவில் மருத்துவமனையோ காப்பீட்டு நிறுவனமோ உங்கள் விவரங்களைப் பறிகொடுத்தால், கசிவு தெரியவந்த 60 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துவிடாதீர்கள். பின்னால் அதுவே சான்று.

மருத்துவ விவரங்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தைக் காட்டி நோயாளி நேரடியாக வழக்குப் போட முடியாது. பலரும் சறுக்குவது இங்கேதான். சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் 180 நாட்களுக்குள் புகார் தரலாம். ஆனால் அதனால் உங்கள் கைக்கு இழப்பீடு வராது. அதற்கு மாநிலச் சட்டப்படி, கவனக்குறைவு என்று வழக்காட வேண்டும். பெரும்பாலும் கூட்டு வழக்குதான்.

ஆன்தம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் 2015 கசிவில் ஏறக்குறைய 7.9 கோடிப் பேர் சிக்கினார்கள். கூட்டு வழக்கில் சமரசத் தொகை 11.5 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை! ஆகவே, கசிவால் கைக்காசு செலவானால், அதைத் தனியாகக் கோர ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வையுங்கள்.