டயர் மாற்றும் கூலி

கேள்வி: என் புல்லட்டுக்குப் புது டயர் போட வேண்டும். கடையில் கொடுத்து மாற்றுவதா, வீட்டில் நானே மாற்றிக்கொள்வதா? எது சிக்கனம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பணக் கணக்கை மாத்திரம் பார்ப்பீர்களாயின், சக்கரத்தைக் கழற்றி நீங்களே எடுத்துச் சென்றால் பஞ்சர் கடைக்காரர் கேட்கும் கூலி சில நூறு ரூபாயைத் தாண்டுவது அபூர்வம், நல்ல லீவர்களும் பம்பும் வாங்கும் செலவோ நாலைந்து டயர் மாற்றிய பிறகே ஈடாகும், அதற்குள் பல வருஷங்கள் கடந்துவிடும்.

ஆயினும் ஸ்போக்ஸ் சக்கரமும் டியூபும் உள்ள வண்டியாகையால், இவ்வித்தையைக் கற்றுக்கொள்ளுமாறே சொல்வேன். முதன்முறை நான் பலாத்காரமாக நெம்பியதில், லீவரின் நுனி புது டியூபைக் கிள்ளி ஓட்டையாக்கிவிட்டது. லீவர் நுழைந்த இடத்துக்கு நேரெதிரே டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் தானே தளர்ந்து, சோப்பு நீர் தடவிய ரப்பர் அதிகப் பிரயாசையின்றி வழுக்கி ஏறும் என்ற சூட்சுமம், பிற்பாடு ஒரு கடைக்காரப் பெரியவரின் கைகளைக் கவனித்தபோதுதான் விளங்கிற்று. டியூபில் சிறிது காற்றேற்றி, பவுடர் பூசி உள்ளே செலுத்துங்கள். டயரிலுள்ள அம்புக்குறி, சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும்.

அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயருமாயின் வீட்டில் முயல வேண்டாம். ரிம்மை இறுகப் பற்றிய விளிம்பைப் பிரிக்க யந்திரமும், திரும்ப உட்கார வைக்கக் கம்ப்ரஸரும் அவசியம்.

எங்கே மாற்றினாலும், வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உற்பத்தியானது.