யார் முடிவெடுத்தது? – இளம் மனிதவள அதிகாரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஃபவுண்டரி நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய ஷிப்ட் நேர அறிவிப்பின் படம் கிடைத்தது. 21 நாள் முன்னதாகக் கொடுத்திருக்கிறீர்கள், யூனியனுக்கும் நகல் போயிருக்கிறது. சட்டப்படி குறை சொல்ல இடமில்லை. எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில்.

‘முதல் ஷிப்ட் காலை 6 மணிக்குப் பதிலாக 5.30 மணிக்குத் தொடங்க முடிவெடுக்கப்பட்டுள்ளது. தொழிலாளர்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ யார் முடிவெடுத்தது? எதற்காக? உச்சநேர மின்கட்டணம் தொடங்குமுன் முதல் ஹீட்டை உருக்கிவிட வேண்டும், அவ்வளவுதானே? அதை எழுத என்ன தயக்கம்? ஃபர்னஸ் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு கரண்ட் பில் கவலை உங்களைவிட நன்றாகவே புரியும். காரணத்தைச் சொல்லாவிட்டால் அவரே ஒன்றைக் கற்பித்துக்கொள்வார். அடுத்தது ஆள்குறைப்பு என்று மதியத்துக்குள் மோல்டிங் முழுக்கப் பேச்சு பரவியிருக்கும்.

அடுத்து, ‘மேலும் விவரங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பவும்.’ கருமணல் அப்பிய கையோடு நிற்கிறவர் எந்த மின்னஞ்சலில் கேட்பார், தம்பி? கேள்வி வரவே கூடாது என்று நினைப்பவர்கள் எழுதுகிற வரி இது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

நான் சேர்ந்தபோது நம் துறைக்குப் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று பெயர். அங்கிருந்த லேபர் ஆபீசர் எந்த நோட்டீஸையும் நேராக போர்டுக்கு அனுப்பமாட்டார். கையெழுத்துப் பிரதியோடு கோர் ஷாப்புக்குப் போய் யாராவது ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்வார். படிப்பவர் எங்கே திணறுகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. திரும்பி வந்து அந்த வரியை மாற்றி எழுதுவார். மாதம் 2,500 ரூபாய் வரம்பில் போனஸ் கணக்கிட்ட காலம் அது. ‘8.33 சதவீதம்’ என்று எழுதி விட்டுவிடமாட்டார். வருஷம் முழுக்க வேலைக்கு வந்தவர் கையில் 2,499 ரூபாய் வாங்குவார் என்று அதன் கீழேயே எழுதுவார். தீபாவளி நேரத்தில் எங்கள் ஜன்னலில் கூட்டம் கூடாததற்கு அந்த ஒரு வரி போதும்.

அவரிடம் கற்றதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு ஒட்டுங்கள். சூப்பர்வைசருக்கே போர்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிகிறது என்றால், ஆட்கள் கேட்கும்போது அவர் உதட்டைப் பிதுக்குவார். அதோடு உங்கள் நோட்டீஸ் காரியம் முடிந்தது. இ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்கையெல்லாம் இன்று கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. ஆளுக்கு முன்னால் நின்று சொல்கிற வேலை நமக்குத்தான்.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 108-ஆவது பிரிவிலேயே சொன்னது. கோயம்புத்தூரில் அன்றைக்கு அது தமிழ். உங்கள் ஃபெட்லிங் பகுதியில் இன்று பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். பெரும்பான்மைக் கணக்குப் பார்த்து அவர்களை விட்டுவிடாதீர்கள்; ஒடியாவிலும் இந்தியிலும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். ‘5 மணி முதல் கேன்டீனில் டீயும் பன்னும் தருகிறோம், இதற்குச் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம்.’ அபாரம்! யார் தருகிறார்கள், எத்தனை மணிக்கு, காசு உண்டா இல்லையா, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் பார்த்த நோட்டீஸ்களில் இதற்கு ஈடான வரி ரொம்பக் குறைவு. இப்படி எழுதத் தெரிந்த கைதானா மேலே உள்ளதையும் எழுதியது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னும் நாள் இருக்கிறது. பழைய நோட்டீஸை எடுத்துவிட்டு, அந்தக் கடைசி வரியின் நடையிலேயே முழுவதையும் எழுதுங்கள். ஒட்டுமுன் மதியம் 2 மணிக்கு ஷிப்ட் மாறும்போது கேட் அருகே போய் நீங்களே சொல்லுங்கள். ஒடியா தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதி, புது நோட்டீஸோடு எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்