நம்பர் கொடுக்குமுன்: தோட்டத்து வீடுகளுக்கு ஓர் ஓடிபி வழிகாட்டி

2022 ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் முறை வந்தபோது, அட்டனில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களும் அடையாள அட்டை இலக்கத்தோடு போன் நம்பரையும் கொடுத்து, போனுக்கு வந்த ஓடிபியை (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கத்தை) அடித்துத்தான் பதிந்தார்கள். இப்போது எது கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

நம்பரை ஏன் கேட்கிறார்கள்?

ஒரே ஆள் நூறு போலிக் கணக்கு திறக்காமலிருக்க. மின்னஞ்சல் சும்மா கிடைக்கும். சிம்முக்குக் காசும் அடையாள அட்டையும் வேண்டும். நியாயமான காரணம்தான். ஆனால் கொடுத்த நம்பர் கொடுத்த வேலையோடு நிற்பதில்லை. பாதுகாப்புக்கென்று வாங்கிய நம்பர்களை விளம்பரத்துக்கும் பயன்படுத்திய ட்விட்டர், 2022இல் அமெரிக்காவில் 15 கோடி டொலர் தண்டம் கட்ட நேர்ந்தது. அதற்கு முந்திய வருடம் 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பயனர்களின் விபரம், நம்பரோடு சேர்த்து, இணையத்தில் வெளியானது.

முதல் வேலை: நம்பர் யாருடையது?

நம்மிடத்தில் சிக்கலே இங்கேதான். லயத்தில் பல வீடுகளில் ஒரேயொரு போன்தான். அம்மா கொழுந்துக்குப் போனால் பொலித்தீன் பையில் சுற்றிய போனும் மலைக்குப் போய்விடும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவர் ஏறுவதற்குள் ஓடிபி காலாவதி. அதனால் டவுனில் கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பம் போடும் பிள்ளை, கடைக்கார அண்ணனின் நம்பரையே கொடுத்துவிட்டு வருகிறது. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்கும் கோட் அவர் போனுக்குத்தானே போகும்? கடையை மூடிவிட்டு அவர் கொழும்புக்குப் போயிருந்தால்?

ஆகவே உங்கள் பெயரில் உள்ள சிம்மையே கொடுங்கள். #132# அழுத்தினால் உங்கள் அடையாள அட்டையில் பதிந்த சிம்களின் விபரம் வரும். தெரியாத நம்பர் இருந்தால் கம்பனிக்குச் சொல்லி வெட்டுங்கள்.

இரண்டாவது: கட்டாயமா?

நம்பர் கேட்கும் கட்டத்தருகே நட்சத்திரக் குறி இல்லையென்றால் வெறுமையாக விடுங்கள். வங்கிக்கும் அரச சேவைக்கும் கொடுக்கத்தான் வேண்டும். பரிசுச் சீட்டிழுப்புக்கு எதற்கு? டெலிகிராமில் நம்பரை மற்றவர் பார்க்காதபடி மறைக்கலாம். சிக்னல் செயலியில் 2024 முதல் மற்றவருக்கு நம்பருக்குப் பதிலாகப் பயனர்பெயரைக் கொடுக்கலாம்.

மூன்றாவது: ஓடிபி வாயைத் தாண்டக்கூடாது

“அண்ணே, தவறி உங்க போனுக்கு ஒரு கோட் வந்திட்டு, அனுப்புங்களேன்.” இப்படியொரு செய்தி தெரிந்தவர் பெயரிலேயே வரும். அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினீர்களோ, உங்கள் வாட்ஸ்அப் மோசடிக்காரர் கையில். அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் சொந்தக்காரரிடமெல்லாம் காசு கேட்பார். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு பின் வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

சிம்மை விடும்போது

ரீலோட் போடாமல் விட்ட நம்பரைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். சிம்மை விடுமுன் எல்லாக் கணக்கிலும் நம்பரை மாற்றுங்கள்.

கணக்கு பறிபோய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு எடுங்கள்.